முடிச்சுப் புழு

ப்ரெவோ ஏரி, கிழக்குக் கரை
நவம்பர் 4, 1987

திரு. ரெமி டெல்வோ அவர்களுக்கு,

நான் கோபத்தில் வயலை வெட்டிவிட்டேன் என்று க்ளெமின் தூண்டில் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. கோபத்தில் நான் எதையும் செய்வதில்லை. காலை ஜெபத்தை முடித்து, காபி குடித்து, கையுறை மாட்டிக்கொண்டு, எமிலின் டிராக்டரை எடுத்து, நிதானமாக வெட்டினேன். வெட்டுவதற்கு முன் தண்டு தண்டாகப் பார்த்து எல்லா முடிச்சுகளையும் பறித்துக் கோணிகளில் கட்டிவிட்டேன். கோபக்காரி அதைச் செய்திருக்க மாட்டாள். முடிச்சோடு சேர்த்து வெட்டித் தள்ளியிருப்பாள்.

ஆகவே இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தூண்டிலுக்கு முடிச்சுப் புழு கிடையாது. என் வயலின் மஞ்சள்பூச் செடிகளில், தண்டு கோலிக்குண்டு அளவுக்கு வீங்கி, அதற்குள் ஒரு வெள்ளைப் புழு வசந்தம் வரை தூங்கும். அது என் நிலத்தில் விளைவது. சாலையோரச் செடிகளைக் கவுன்டி நிர்வாக ஆட்கள் ஆகஸ்டிலேயே வெட்டிவிட்டார்கள். மற்ற வயல்களில் இப்போது சோளமும் சோயாவும்தான். முழங்கால் வலியோடு நீங்கள் காடு மேடெல்லாம் தேடி அலையப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கோடையிலிருந்து இந்தப் புழுவுக்கு நீங்கள் "ரெமி புழு" என்று பெயர் வைத்திருப்பதாகக் கேள்வி. மீன்பிடிச் சங்கம் ஜனவரிப் போட்டிக்கு எமிலின் பெயரை வைத்திருக்கிறது. நீங்கள் தலைவர். ஒலிபெருக்கியில் பேசப் போகிறீர்கள், உங்கள் புழுவின் மகிமையை ஊருக்குக் காட்டப் போகிறீர்கள். நல்லது. அதற்கு முன் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும்.

மார்ச் மாதம், என் கணவரை அடக்கம் செய்த அன்று, கோயில் நிலவறையில் எல்லாரும் பூயா என்ற இறைச்சி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கண்ணன் ஏரிக்குப் போனது மீனுக்குன்னா நெனைக்கிறீங்க? அண்ணிகிட்டேருந்து தப்பிக்கத்தான். அதுவும் பத்தாதுன்னு ஐஸ் மேல குடிசை போட்டு, குடிசைக்குக் கதவு வேற போட்டார்."

நிலவறை முழுக்கச் சிரிப்பு. பாதிரியார் லாம்பெர்ட்டும் சிரித்தார். நான் காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் நிறைந்த கோப்பை இருந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை. அன்றிலிருந்து இந்த ஊரில் நான் எமிலின் மனைவி அல்ல; எமில் தப்பியோடிய பெண். பீடத் துணிகளை இஸ்திரி போடும் பெண்கள் என்னிடம் மிருதுவாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நீங்கள் சொன்னது பொய் என்று உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதை நான் க்ளெமின் கடைச் சுவரில் ஒட்டுவேன். போட்டிக்கு முன் அது வர வேண்டும்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். வாயால் சொல்வதை நீங்கள் பிறகு உங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்கிறீர்கள்.

ஓடில் டெல்வோ
(திருமதி எமில் டெல்வோ)

•

அண்ணி,

உங்க கடிதம் கெடச்சுது. "திரு. ரெமி டெல்வோ அவர்களுக்கு"ன்னு பாத்ததும் வருமான வரி ஆபீஸ்லேருந்துதான் எழுதிட்டாங்கன்னு பயந்து போயிட்டேன். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து "டேய் ரெமி, பூட்ஸ வாசல்லயே கழட்டு"ன்னு கத்தினவங்க நீங்க. இப்ப "நீங்கள்", "உங்கள்". திட்டறதுன்னா பழையபடி "நீ"ன்னே திட்டுங்க அண்ணி, பழகின காது.

அது வேடிக்கைக்குச் சொன்னது. எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு சூப்ப வெறிச்சுப் பாத்துட்டிருந்தாங்க. சிரிக்க வெச்சேன். அண்ணன் இருந்திருந்தா மொதல்ல சிரிச்சிருப்பார்.

அதோட, முழுப் பொய்னும் நான் எழுத முடியாது. ஏரி ஒறஞ்ச நாள்லேருந்து மார்ச்சு வரைக்கும் மனுஷன் தினம் அந்தக் குடிசையிலதான் கெடந்தார். ஒருத்தன் அவ்வளவு நேரம் தனியா ஐஸ்ல தூண்டில் போடத் தோண்டின ஒரு ஓட்டையப் பாத்துட்டு உக்காந்திருக்கான்னா வீட்ல என்னமோ சரியில்லன்னுதான் அர்த்தம். நான் வேல செஞ்ச பேப்பர் மில்லுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

புழு விஷயம். மன்னிச்சுக்குங்க அண்ணி, பீடத் துணிக்குக் கஞ்சி போடறது பத்தி நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். புழு பத்தி உங்களுக்கென்ன தெரியும்? ஒவ்வொரு சனிக்கெழமையும் அண்ணன் ஒரு புகையிலை டப்பாவுல எனக்குன்னு புழு எடுத்து வெச்சிருப்பார். பிரிச்சு, சுத்தமா. அது எங்க ரெண்டு பேர் விஷயம். அவருக்கப்புறம் அது எனக்குத்தான் வரணும். அதுக்குத்தான் என் பேர வெச்சேன்.

நேத்து க்ளெம் கடையில போய் நின்னா, "என்ன ரெமி, உன் புழுவெல்லாம் அண்ணி வீட்டுக்குக் குடி போயிடுச்சாமே, வாடகை எவ்வளவு?"ன்னான். கடை முழுக்கச் சிரிச்சுது. பாத்தீங்களா, நானும்தான் சிரிப்புக்கு ஆளாகறேன். நான் யார்கிட்டயும் கையெழுத்துக் கேக்கல.

க்ளெம்கிட்ட ஃப்ரிட்ஜ் நெறைய மெழுகுப்புழு இருக்கு. நான் சமாளிச்சுக்கறேன்.

ரெமி

•

ப்ரெவோ ஏரி, கிழக்குக் கரை
டிசம்பர் 8, 1987
மாசற்ற மாதா திருநாள்

திரு. ரெமி டெல்வோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. பள்ளியில் எனக்குக் கற்பித்த சிஸ்டர் யூலாலி தேதியில்லாத கடிதத்தைப் படிக்காமலே திருப்பித் தருவார். நான் படித்தேன். என் பெருந்தன்மை அவ்வளவுதான்.

மெழுகுப்புழுவை வைத்துச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரிக் கடைசியில் நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெழுகுப்புழு கொழுத்தது, தோல் மெல்லியது. குளிரில் ஐந்து நிமிடம் வெளியே இருந்தால் சுண்ணாம்புக் குச்சி மாதிரி விறைத்துவிடும். தண்ணீருக்குள் போனதும் தொளதொளத்துவிடும். அந்த நேரத்தில் ப்ளூகில் மீன் பசியோடு பாய்வதில்லை. கொக்கியருகே வந்து நின்று, யோசித்து, வாயைச் சற்றே திறந்து, உள்ளே இருக்கும் பாலை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். உங்கள் தக்கை அசையவே அசையாது. வெறுந்தோலைத் தொங்கவிட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். சிறிய மீனைக் கொக்கியில் கோத்தால் க்ராப்பி மீன் வரலாம். போட்டியில் எடை போடுவது ப்ளூகில்லை மட்டும்தான். கடையில் விற்கும் சிவப்புச் சாயமேற்றிய ஈப்புழு கண்ணுக்கு நன்றாக இருக்கும். மீன் அதைக் கண்ணுக்காகச் சாப்பிடுவதில்லை.

முடிச்சுப் புழு சின்னது, தோல் தடித்தது. ஒரே புழுவில் பல மீன் பிடிக்கலாம். ஆனால் எந்த முடிச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். நீண்டு கதிர்போல இருப்பது வேண்டாம். அதிலிருந்த பூச்சி இலையுதிர்காலத்திலேயே பறந்துவிட்டிருக்கும். உருண்டைதான் வேண்டும். மிகச் சிறிய உருண்டையில் குளவிக் குஞ்சு ஏற்கெனவே புழுவைத் தின்றிருக்கும். மிகப் பெரியதை மரங்கொத்தி துளைத்திருக்கும். நடுத்தரமானதை, தோல் முழுதாக இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்து எடுக்க வேண்டும்.

புழு பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள்.

பாதிரியார் லாம்பெர்ட் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்வது நல்லது என்றார். "ஒரு கோணியாவது குடுங்கம்மா, பாவம் அவன்" என்றார். பாவம் யார் என்று நான் அவரிடம் விவாதிக்கவில்லை. இத்துடன் ஒரு கோணி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நான் பொறுக்கிய நடுத்தர உருண்டைகள். ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

வைக்கும் முறை: குளிர்ந்த கொட்டகையில், உறையும் இடத்திலேயே வையுங்கள். வீட்டுக்குள், சூடான இடத்தில் வைக்க வேண்டாம். போட்டியன்று காலையில்தான் முடிச்சை வெட்ட வேண்டும்.

நான் கேட்ட கையெழுத்து இன்னும் வரவில்லை.

ஓடில் டெல்வோ

•

டிசம்பர் 17
(தேதி போட்டாச்சு)

அண்ணி,

கோணி வந்துது. நன்றி. பாதிரியார் முன்னாடியும் நன்றி சொல்லிட்டேன், அவர் சாட்சி.

ஆனா நான் நேத்து பொறந்தவன் இல்ல. "உறையும் இடத்திலேயே வையுங்கள்"! நல்லா இருக்கே. மெழுகுப்புழு ஒரு ராத்திரி வெளிய கெடந்தா கருத்துச் செத்துப்போகும்னு ஏரி பக்கம் பொறந்த எல்லாருக்கும் தெரியும். அதைப் படிச்சதும் நான் அப்படியே சிரிச்சிட்டேன். க்ளெமுக்கும் படிச்சுக் காட்டினேன். "அண்ணி கோணியும் குடுத்து சாவுக்கு வழியும் சொல்லியிருக்காங்க, உஷாரா இரு"ன்னான்.

கோணிய அடுப்புப் பக்கத்துல, மரப்பெட்டி மேல வெச்சிருக்கேன். கதகதன்னு இருக்கு. அண்ணனோட புழு ராஜா மாதிரி இருக்கும். போட்டியன்னிக்கு வந்து பாருங்க.

கையெழுத்து பத்தி நான் மாத்திக்கல. ஒரு வேடிக்கைக்கு யாராச்சும் மன்னிப்புக் கடிதம் எழுதுவாங்களா? போட்டியில பேசும்போது அண்ணனப் பத்தி நல்லபடியாத்தான் பேசுவேன். அந்த வேடிக்கையும் சொல்வேன். ஜனங்களுக்கு அது பிடிச்சிருக்கு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ரெமி

•

ஜனவரி 20

அண்ணி,

சந்தோஷமா இப்ப?

நேத்து சாயங்காலம் சங்கத்துக் கமிட்டி என் வீட்டுல கூடிச்சு. போட்டி ஏற்பாடு பேச. க்ளெம் வந்தான், பாதிரியார் வந்தார், பரிசுக்குப் பன்றித் தொடை குடுக்கறவரும் வந்தார். ப்ரூன் பழம் வெச்ச பை பலகாரம் சுட்டு வெச்சிருந்தேன், நானே சுட்டது. பலகாரத்த வெட்டறேன், ஒரு ஈ வந்து உக்காருது. ஜனவரி மாசத்துல, வெளிய எல்லாம் ஒறஞ்சு கெடக்கு, ஈ. விரட்டினேன். இன்னொண்ணு. பாதிரியாரோட கண்ணாடி மேல ஒண்ணு. அப்புறம் பாத்தா ஜன்னல் முழுக்க. பறக்கக்கூடத் தெரியாம, ரெக்கையில புள்ளி புள்ளியா, நடந்து வந்து காபியில விழுது.

க்ளெம்தான் கோணியத் தூக்கிப் பாத்தான். ஒவ்வொரு முடிச்சுலயும் ஒரு ஓட்டை. வட்டமா, சுத்தமா. உள்ள ஒண்ணுமில்ல. "ரெமி, உன் புழுவுக்கெல்லாம் ரெக்கை மொளச்சிடுச்சுடா"ன்னு சொல்லிட்டு அவன் தரையில உக்காந்து சிரிச்சான். நெஜமாவே தரையில. பன்றித் தொடைக்காரர் பலகாரத்தத் தொடவே இல்ல.

இப்ப கடைக்குப் போனா கைய ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி ஆட்டிக் காட்டறானுங்க. மில்லுல என்கூட வேல செஞ்சவன் ஃபோன் பண்ணி "ஙொய்ய்ய்"னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டான்.

நீங்க எனக்குக் குழி தோண்டியிருக்கீங்க. கெட்டுப்போன முடிச்சா பாத்து அனுப்பியிருக்கீங்க. கன்னியாஸ்திரிங்ககிட்டப் படிச்சவங்க இப்படியெல்லாமா செய்வாங்க?

ரெமி

•

ப்ரெவோ ஏரி, கிழக்குக் கரை
ஜனவரி 22, 1988

திரு. ரெமி டெல்வோ அவர்களுக்கு,

டிசம்பர் 8 தேதியிட்ட என் கடிதத்தை எடுத்து, "வைக்கும் முறை" என்று தொடங்கும் இடத்தைச் சத்தமாகப் படியுங்கள். க்ளெமுக்கும் மறுபடி படித்துக் காட்டுங்கள். உறையும் இடத்தில் வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். சூடான இடத்தில் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். முடிச்சுப் புழு உறைந்தாலும் சாகாது. வசந்தம் வரை உறைந்து கிடப்பதுதான் அதன் பிழைப்பு. நீங்கள் அதை அடுப்பருகே வைத்தீர்கள். வசந்தம் வந்துவிட்டது என்று அது நம்பியது. ஈயாகி வெளியே வந்தது. அதன் மேல் தவறில்லை.

நான் அனுப்பியவை நல்ல முடிச்சுகள்தான். சொத்தை முடிச்சிலிருந்து அத்தனை ஈ வராது.

இனி ஒரு உண்மையும் சொல்கிறேன். நான் எழுதுவதற்கு நேரெதிராகச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சரியான முறையை, சுருக்கமாக, பிழையில்லாமல் எழுதினேன். நீங்கள் என்னை ஒருமுறை நம்பியிருந்தால் இன்று உங்களிடம் ஒரு கோணிப் புழு இருந்திருக்கும். பொய் சொல்லிப் பழிவாங்குவது எனக்குத் தெரியாது. சிஸ்டர் யூலாலி அதைக் கற்றுத்தரவில்லை.

என்னைப் பற்றி ஒரு நிலவறை முழுக்கச் சிரித்தது. உங்களைப் பற்றி ஒரு சமையலறை சிரித்திருக்கிறது. அளவு இன்னும் சமமாகவில்லை.

மூன்று கோணிகள் என் கொட்டகையில் நன்றாக உறைந்து கிடக்கின்றன. உங்கள் கையெழுத்து வந்தால் அவற்றில் ஒன்று உங்களுக்கு. வராவிட்டால் போட்டியன்று நீங்கள் மெழுகுப்புழுவோடு உட்கார வேண்டியதுதான். போட்டிக்கு நானும் வருகிறேன். நீங்கள் சொல்லப்போகும் வேடிக்கையை இந்த முறை நான் முன்வரிசையில் இருந்து கேட்க விரும்புகிறேன்.

ஓடில் டெல்வோ

•

ஜனவரி 31, ஞாயிறு

அண்ணி,

பூசைக்கு நான் இன்னிக்கு வரல. வெக்கமா இருந்துது. அதனால உக்காந்து எழுதறேன்.

நேத்து நீங்க சறுக்குவண்டிய இழுத்துட்டு ஏரி மேல நடந்து வர்றத நான் தூரத்துலயே பாத்துட்டேன். அண்ணனோட சிவப்புக் கட்டம் போட்ட கோட்டு. வண்டியில ரெண்டு வாளி. யாரோ சங்கத்துக்குச் சாண்ட்விச் கொண்டு வர்றாங்கன்னு க்ளெம் சொன்னான். நீங்க நேரா வந்து என் ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில, கை நீட்டினா தொடற தூரத்துல, வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்தீங்க. நான் அதுக்குள்ள ஒலிபெருக்கியில ஆரம்பிச்சிட்டேன். "எங்கண்ணன் இந்த ஏரிக்கு வந்தது எதுக்குன்னு நெனைக்கிறீங்க"ன்னு சொல்லி நிறுத்தினேன், எல்லாரும் சிரிக்கட்டும்னு.

அப்பத்தான் நீங்க பையிலேருந்து ஒரு முடிச்ச எடுத்தீங்க. பேனாக்கத்தியால சுத்தி ஒரு கோடு. ஒரு திருகு. ரெண்டா பொளந்துது. புழுவ விரல் நுனியில எடுத்து, வாயத் தெறந்து, கீழ் உதட்டுக்குள்ள வெச்சீங்க.

அண்ணி, அத நான் என் வாழ்க்கையில ஒரே ஒரு ஆள் செஞ்சுதான் பாத்திருக்கேன். விறைச்ச புழு வாய்ச்சூட்டுல உயிர் வந்து நெளியணும்னு அண்ணன் செய்வார். அதே மாதிரி, அதே பக்கம், எடது ஓரம். பீடத் துணிச் சங்கத்துப் பொம்பளைங்க எல்லாம் சூப்புப் பானை பக்கத்துல நின்னு பாக்கறாங்க, நீங்க ஒருத்தரையும் பாக்கல. க்ளெம் என் கையப் பிடிச்சு, "ஒலிபெருக்கியக் கீழ வை ரெமி. அவங்க வாயில புழு இருக்கு"ன்னான். நீங்க அந்தப் புழுவோடவே நிமிந்து பாத்து, "ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க, கேக்கத்தான் வந்தேன்"னு சொன்னீங்க.

நான் சொல்லல. ஒலிபெருக்கியக் கீழ வெச்சிட்டு என் தூண்டில எடுத்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்க எழுதின மாதிரியேதான். என் தக்கை ஆணி அடிச்ச மாதிரி நின்னுது. இழுத்துப் பாத்தா வெறுந்தோல். நீங்க மீன ஒண்ணொண்ணா எடுத்து, உள்ளங்கை அகலத்துல, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஐஸ் மேல அடுக்கினீங்க. அதுங்க துள்ளி என் பூட்ஸ் மேல வந்து விழுந்துது. கடைசியில தலைவர்ங்கற முறையில நான்தான் எடை போடணும், நான்தான் பேர் வாசிக்கணும். "முதல் பரிசு, திருமதி எமில் டெல்வோ." வாசிச்சேன். நல்லாத்தானே வாசிச்சேன்?

எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, அவங்களுக்கு யார் கத்துக் குடுத்தான்னு. பாதிரியாரும் கேட்டார். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்த வாளி அண்ணி. ரெண்டாவது வாளி. குடிசையில எப்பவும் ரெண்டு வாளி இருக்கும், ஒண்ணு மேல நீலத் துணி தெச்ச ஒரு மெத்தை. சனிக்கெழமை நான் உள்ள வர்றப்பல்லாம் அண்ணன் அந்த மெத்தைய எடுத்து ஆணியில மாட்டிட்டுத்தான் என்னை உக்காரச் சொல்வார். என் பேன்ட் ஈரம்னு நெனச்சேன். அது என் எடம்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சிட்டிருந்தேன். நேத்து நீங்க உக்காந்திருந்தது அந்த நீல மெத்தை மேல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். என்கூட இருக்கறப்ப அண்ணன் பேசவே மாட்டார். ஒரு நாள் கேட்டுட்டேன், "ஏண்ணே, நான் வந்தா உங்களுக்குப் பிடிக்கலயா?"ன்னு. அவர் தக்கையப் பாத்துக்கிட்டே, "அப்படியெல்லாம் இல்லடா. ஆனா வாரநாள்லதான் இங்க நல்லாருக்கும்"னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் இல்லாத நாள், யாருமே இல்லாத நாள்தான் இந்த மனுஷனுக்கு வேணும்னு நெனச்சேன். என்னை ஒதுக்கற மாதிரிதான் உங்களையும் ஒதுக்கறார்னு நெனச்சுக்கிட்டேன். அதை வெச்சுத்தான் அன்னிக்கு நிலவறையில அப்படிப் பேசினேன். உங்களைக் குத்தணும்னு இல்ல. நான் மட்டும் தனியா ஒதுக்கப்பட்டவனா இருக்க வேணாமேன்னு.

அண்ணன் அப்படிச் சொல்லவே இல்ல. உங்ககிட்டேருந்து தப்பிக்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நானா சேத்தது.

பூட்ஸ வாசல்லயே கழட்டி வெச்சிட்டு நேர்ல வந்து சொல்றேன். அடுத்த வாரம் புதன்கெழமை வரட்டுமா?

ரெமி

•

ப்ரெவோ ஏரி, கிழக்குக் கரை
பிப்ரவரி 4, 1988

திரு. ரெமி டெல்வோ அவர்களுக்கு,

புதன்கிழமை வர வேண்டாம். வேறு எந்தக் கிழமையும் வர வேண்டாம். நேரில் சொன்னால் என் சமையலறைக்கு மட்டும்தான் கேட்கும். நிலவறையில் சொன்னதைச் சமையலறையில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

போட்டி முடிந்ததிலிருந்து என்னைப் பற்றி இன்னொரு தவறான பேச்சு கிளம்பியிருக்கிறது. எமில் இறந்த துக்கத்தில் நான் அவருடைய பழக்கங்களை எடுத்துக்கொண்டேனாம். பாவமாம். அதையும் திருத்துகிறேன். அவருடைய பழக்கத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் எமில் மெழுகுப்புழு வைத்து, நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். அவர் கொண்டுவந்த ஒரே ஒரு ப்ளூகில்லைச் சுத்தம் செய்தபோது அதன் வாயைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. "இந்த வாய்க்கு இவ்வளவு பெரிய தீனியா? வேற ஏதாவது சின்னதா பாருங்க" என்றேன். மறுநாள் நானே வயலில் முடிச்சுகளை வெட்டிப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் அவரோடு ஏரிக்குப் போனேன். புழு விறைத்திருந்தது. கையில் கையுறை. சூடான இடம் வேறு எது இருந்தது? எமில் பயந்துபோய்ப் பார்த்தார். பிறகு அவரும் வாயைத் திறந்தார்.

நீங்கள் மில்லில் இருந்த வாரநாட்களில் அந்த மெத்தையில் நான் உட்கார்ந்திருந்தேன். மெத்தையைத் தைத்ததும் நான்தான். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பது என் முடிவு. உதட்டுக்குள் புழு வைத்திருப்பவள் கஞ்சி போட்ட துணியிலா நற்கருணையை வைப்பது என்று நம் பெண்கள் பேசுவார்கள். எமில் அந்த இரகசியத்தைக் காப்பாற்றினார். சனிக்கிழமை காலையில் மெத்தையை ஆணியில் மாட்டினார். உங்கள் பேன்ட் ஈரமாக இருந்ததால் அல்ல.

புகையிலை டப்பாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அது உங்கள் இரண்டு பேர் விஷயம் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த டப்பாவை நிரப்பியது நான். நடுத்தர உருண்டைப் புழுக்களை எங்களுக்கு வைத்துக்கொண்டு, மெலிந்தவற்றை உங்களுக்குப் போட்டேன். இத்தனை வருடமும் உங்கள் அண்ணன் உங்களைவிட அதிகம் பிடித்ததற்கு அது ஒரு காரணம். "ரெமி புழு" என்று நீங்கள் பெயர் வைத்தது நாங்கள் கழித்துப் போட்டதற்கு. அந்தப் பெயர் அதற்கு இருக்கட்டும்.

இனி நான் கேட்பது.

உங்கள் கடிதத்தில் வாரநாட்களைப் பற்றி எமில் சொன்ன வாக்கியம் ஒன்று இருக்கிறது. அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல; குடிசையில் என்னோடும் அதிகம் பேசவில்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார், சில சமயம் என் வாளியைத் தன் பக்கமாக இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான். அவர் போனபிறகு, நிலவறைச் சிரிப்பைக் கேட்டபிறகு, எத்தனையோ நாள் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்: ஒருவேளை நான் அங்கே உட்கார்ந்திருந்ததையும் அவர் சகித்துக்கொண்டுதான் இருந்தாரோ என்று. ஏறக்குறைய ஒரு வருடம் அந்தக் கேள்வியோடு இருந்தேன். அதற்கான பதில் அத்தனை நாளும் ஏரியின் மறுகரையில் உங்களிடம் இருந்திருக்கிறது. நீங்கள் அதை வைத்து வேடிக்கை செய்தீர்கள். இதை நான் மன்னிக்கவில்லை. இப்போதைக்கு மன்னிப்பதாகவும் இல்லை. "நீ" என்று எழுதச் சொன்னீர்கள். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

இரண்டு தாள் எடுங்கள். கோடு போடாத வெள்ளைத் தாள். ஒன்றில், அடக்க நாளில் நீங்கள் சொன்னது பொய் என்றும், எமில் டெல்வோவின் மனைவி அவரோடு குடிசையில் இருந்தாள் என்றும், முடிச்சுப் புழுவைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான் என்றும் எழுதுங்கள். அது க்ளெமின் கடைச் சுவருக்கு, கல்லாவுக்கு நேர் மேலே. அது அங்கே இருக்கும்வரை நீங்கள் அந்தக் கடையில்தான் மெழுகுப்புழு வாங்க வேண்டும்.

இரண்டாவது தாளில் எமில் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். அவர் சொன்ன சொற்கள் மாறாமல், உங்கள் வேடிக்கை எதுவும் சேர்க்காமல். எந்தக் குளிர்காலம் என்று நினைவிருந்தால் அதையும் கீழே குறியுங்கள். அது சுவருக்கு அல்ல.

மஞ்சள்பூச் செடி வேரிலிருந்து மறுபடி முளைக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றை முடிச்சுகளோடு வெட்டாமல் விட்டிருக்கிறேன்; அவை வசந்தத்தில் ஈயாகிப் புதுத் தண்டுகளுக்கு வரும். அக்டோபரில் புது முடிச்சுகளை என்ன செய்வது என்பதை உங்கள் தாள்களைப் பார்த்தபிறகு முடிவு செய்வேன்.

தேதி போட்டு, எழுத்தில் பதில் அனுப்பவும்.

ஓடில் டெல்வோ
(திருமதி எமில் டெல்வோ)